வெள்ளை வேட்டி பச்சையான விவகாரமும் கம்பியூட்டர் திரையும்

அனுப்புநர்:
ஆ. கணபதி,
கம்பியூட்டர் தட்டச்சாளர்,
தேயிலைத் தோட்ட உப அலுவலகம்,
பெரகல.

பெறுநர்:
பிராந்திய முகாமையாளர் அவர்கள்,
தேயிலைத் தோட்டப் பிராந்திய அலுவலகம்,
பதுளை.

பொருள்: பச்சை எழுத்துத் திரையை மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, எனது திருமணம் நடைபெற உதவுமாறு கோரல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. தாங்கள் சென்ற வருடம் அனுப்பிய இரண்டு கம்பியூட்டர்களும் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஒன்றின் கறுப்புத் திரையில் எழுத்து பச்சையாக வரும், மற்றதில் மஞ்சளாக வரும். பச்சை எனக்குத் தரப்பட்டது. மஞ்சள், எங்கள் அலுவலகத்தை மேற்பார்க்கும் பிரதம லிகிதர் திரு. இராசையா அவர்களின் மேசையில் பூப்போட்ட துணியால் மூடப்பட்டு, தலையில் பிளாஸ்டிக் ரோஜாச் சாடியைத் தாங்கி நிற்கிறது. இன்றுவரை அதற்கு மின்சாரம் கொடுக்கப்படவில்லை.

2. என் திரையின் எழுத்துகள் கடுகளவு. அவையும் புள்ளி புள்ளியாக நிற்பதால், மூக்கு திரையில் முட்டக் குனிந்தே கடிதங்களைத் திருத்துகிறேன். ஒரே கட்டளையில் எழுத்தைப் பெரிதாக்கலாம் என்று கொழும்பிலிருந்து வந்த மெக்கானிக் செய்து காட்டினார். பெரிய எழுத்து கூடுதல் கரண்ட் குடிக்கும் என்று பிரதம லிகிதர் அதைத் தடைசெய்துவிட்டார். வெளிச்சத்தைக் குறைக்கும் திருகின்மேல் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறார்.

3. பச்சை என் கண்ணுக்கு ஆகவில்லை என்று முறையிட்டபோது அவர் கூறியது: “காலையிலேருந்து பச்சையப் பாத்துக்கிட்டுத்தான் மலையெல்லாம் கொழுந்து எடுக்குறாங்க. ஒரு பொம்பள வந்து கண்ணு போச்சுன்னு சொன்னாளா?” நான் மேசைக்குத் திரும்பினேன். கண்வலியும் கூடவே திரும்பியது.

4. அத்துடன் போயிருந்தால் தங்களைத் தொந்தரவு செய்திருக்கமாட்டேன். நாள் முழுவதும் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு எழுந்தால், வெள்ளையெல்லாம் ரோஸ் நிறமாகத் தெரிகிறது. சோறு ரோஸ். சுவர் ரோஸ். திரு. இராசையா அவர்களின் நரைத்த மீசையும் ரோஸ். கடைசியாகக் கூறியதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை.

5. ஹல்துமுல்லையில் ஒரு தோட்டத்துக் கங்காணியான திரு. கந்தப்பனின் மகள் பாக்கியலெட்சுமியை எனக்குப் பேசி, சென்ற மாதம் பரிசம் போட நாள் குறித்தார்கள். எங்கள் பக்கத்து ஆண்களுக்கெல்லாம் வெள்ளை வேட்டி எடுப்பது என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை அலுவலகம் விட்டதும் நேரே சந்தியிலுள்ள மொஹிதீன் முதலாளியின் கடைக்குப் போனேன். அவர் விரித்த வேட்டிகள் அத்தனையும் ரோஸ். ஏமாற்றுகிறீர்களா என்று சத்தம் போட்டு, மூலையிலிருந்த வேறொரு துணியைக் காட்டி அதில் வெட்டித் தரச் சொன்னேன். “தம்பி, அது தோட்டத்து ஆஸ்பத்திரியில மறைப்புக் கட்ட வச்சிருக்கிற பச்சத் துணி. அல்லாஹ் அறிய இதுதான் வெள்ள” என்று அந்த நல்ல மனிதர் மன்றாடினார். நான் கேட்கவில்லை. வெட்டிய துணியை என் தாய்மாமன் வீட்டில் கொடுத்துவிட்டு என் அறைக்குப் போனேன்.

6. மாமன் வீட்டில் ஏன் ஒருவரும் தடுக்கவில்லை எனத் தாங்கள் கேட்கலாம். பொதியைப் பிரித்த மாமன், “கம்பியூட்டர் படிச்ச புள்ள. காரணமில்லாம எடுத்திருக்காது” என்று சொல்லி எல்லோருக்கும் கட்டிவிட்டார். மறுநாள் அரைநாள் வேலை முடித்து நான் ஓடிவந்து பஸ் ஏறியபோது, எங்கள் ஆட்கள் பாலில் தோய்த்தெடுத்தவர்களைப் போல எனக்குத் தெரிந்தார்கள். பெருமையாகக்கூட இருந்தது. பெண் வீட்டில் சந்தனம் பூசி உட்கார்ந்த பிறகுதான் என் கண் தெளிந்தது.

7. “பரிசம் போட வந்தீங்களா, வேசங்கட்டிக் காமன் கூத்து ஆட வந்தீங்களா?” என்று கேட்டுத் திரு. கந்தப்பன் தாம்பூலம் மாற்றாமல் எழுந்துவிட்டார். நான் திரையைப் பற்றி விளக்கினேன். அதனால் நிலைமை இன்னும் மோசமாயிற்று. “அப்ப மாப்பிள்ளைக்குக் கண்ணும் சரியில்லையா?” என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

8. அப்போது பாக்கியலெட்சுமியே வெளியில் வந்து ஒரு நிபந்தனை விதித்தார். “இருபதாந் தேதி வேல முடிஞ்சு ஆபீஸ்லேருந்து நேரா வாங்க. நான் கட்டியிருக்கிற சீலை என்ன கலருன்னு சரியாச் சொல்லுங்க. சொன்னாத்தான் தாம்பூலம்.” லீவு போட்டு வருவது செல்லாதாம். கட்டிக்கொள்ளப்போகிறவன் தினமும் வேலை முடிந்துதானே வீட்டுக்கு வருவான் என்கிறார். அதில் நியாயம் இருக்கிறது ஐயா.

9. ஆகவே, மஞ்சள் திரையை எனக்கு மாற்றித் தரவும், எழுத்தைப் பெரிதாக்கவும், பிளாஸ்டரை உரிக்கவும் கட்டளையிடுமாறு வேண்டுகிறேன். மஞ்சளைப் பார்த்தால் வெள்ளை நீலமாகத் தெரியக்கூடும் என்று மெக்கானிக் எச்சரித்தார். வேட்டிக்கு நீலம் போடுவது நமது வழக்கமாகையால் அதைச் சமாளித்துக்கொள்வேன்.

10. கண்ணை மூடிக்கொண்டு ஏதாவதொரு நிறத்தைச் சொல்லிவிட்டு வா என்பது பிரதம லிகிதரின் ஆலோசனை. பாக்கியலெட்சுமியிடம் அப்படிப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த நிறத்தில் உடுத்தி நின்றாலும் அவரை எனக்குப் பிடிக்கும். அன்றே அதையும் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். கேட்டதற்கு அது பதில் இல்லை என்றார். ஆனால் அப்படிச் சொன்னபோது அவர் சிரித்தார் ஐயா. ஆதலால் இருபதாந் திகதிக்கு முன் திரையை மாற்றித் தாருங்கள்.

இடம்: பெரகல
திகதி: 11.03.1987

தங்கள் பணிவுள்ள ஊழியன்,
ஆ. கணபதி