முப்பது பாகையில் எட்டாயிரம்

வெள்ளவத்தை,
18 நவம்பர்.

அன்புள்ள மகள் ரூபிகாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம், கடையும் சுகம், அப்பாவின் பிரஷர் அடங்கிவிட்டது, என் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைக்கிறது. நீயும் மருமகனும் பேரப்பிள்ளையும் அந்தக் கல்கரிக் குளிரில் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்கிறேன். இதைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் பாதி சொல்லும்போதே நீ "சரியம்மா, விளங்குது" என்று முடித்துவிடுவாய். மேல்மாடி ரொஷேல் வியாழக்கிழமை உங்கள் ஊருக்குப் பறக்கிறாள், மிளகாய்த்தூளோடு இந்தக் கடிதத்தையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன், இருந்து முழுவதையும் வாசி. பிள்ளை, நான் கண்டுபிடித்துவிட்டேன்! டிரையரில் போட்ட சென்சர் போலி இல்லை. நீயும் நானும் சேர்ந்து ஒரு நல்ல மனுஷனைக் கள்ளனாக்கிவிட்டோம்.

இந்தக் கட்டிடத்தில் பல்கனியில் உடுப்புக் காயப்போட விடமாட்டார்கள், மழைக்கு டிரையர்தான் கதி. அது பத்து நிமிடம் ஓடி, சூடு கூடிவிட்டதென்று லைட்டை மினுக்கிவிட்டு நின்று நின்று போனது. பதினேழு வருடமாக நம் வீட்டுக்கும் கடைக்கும் திருத்த வேலை செய்கிற கொட்டாஞ்சேனை றிகாஸ் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, சென்சர் சரியாத்தான் ஈக்கிது, காத்துப் போற வழியத்தான் பாக்கணும்" என்றார். நான்தான் கேட்கவில்லை, மெஷின் புத்தகத்தில் அந்த லைட்டுக்குச் சூடு பார்க்கும் சென்சர் என்று போட்டிருக்கிறது, மாற்றுங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். மாற்றினார். மறுநாளும் அதே கூத்து. திரும்பக் கூப்பிட்டு, உன்னையும் வீடியோ கோலில் எடுத்து, அவர் மின்தடை அளக்கிற மீற்றரைப் பிடிக்க நீ பார்த்தாயே, அறைச் சூட்டில் பத்தாயிரம் ஓம்ஸ் காட்ட வேண்டியது எட்டாயிரம்தான் காட்டியது. "அம்மா, இது டூப்ளிகேட், ஆள் உங்களைப் பேய்க்காட்டிறான்" என்றாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது, மகள். அவர் ஆணிகளைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். நான் சும்மா இருந்தேனா? கட்டிட வட்ஸ்அப் குரூப்பில், றிகாஸ் போலிச் சாமான் போடுகிறார், கவனம் என்று வொய்ஸ் போட்டேன்.

கழற்றிய பழைய சாமானை வீட்டுக்காரரிடமே கொடுத்துவிட்டுப் போவது அவருடைய வழக்கம். அந்தப் பழைய சென்சர் என் கைப்பையில் கிடந்தது. போன செவ்வாய் மத்தியானம் கடையில் கூட்டமில்லை, பக்கத்துப் போன் கடை ராகுலனின் மீற்றரில் சும்மா பிடித்துப் பார்த்தேன். எட்டாயிரம்! மெஷினோடு கம்பனியில் இருந்து வந்ததும் எட்டாயிரம், போலி என்றதும் எட்டாயிரம், இரண்டும் சொல்லி வைத்தாற்போல ஒரே பொய்யைச் சொல்லுமா? சாயம் போகாது என்று யார் சத்தியம் செய்தாலும் ஒரு முனையை நனைத்துக் கசக்கிப் பார்க்காமல் துணி எடுக்காதவள் நான், இதை மட்டும் ஏன் நனைத்துப் பார்க்கவில்லை என்று என் மேலேயே கோபம் வந்தது. குழந்தை குளிக்கும் தண்ணீரில் மிதக்கவிடுகிற வாத்துத் தேர்மோமீற்றர் நம் கடையில் விற்கிறோமே, ஒரு பெட்டியைப் பிரித்தேன். கடைக்குள்ளேயே முப்பது பாகை. கோப்பையில் தண்ணீர் எடுத்து, சென்சரைச் சின்னப் பொலித்தீன் பையில் கட்டி இறக்கி, ஐஸ் போட்டேன். ராகுலன் இலக்கத்தை வாசிக்க வாசிக்க எட்டரை, ஒன்பது, ஒன்பதரை ஆயிரம் என்று ஏறுகிறது, வாத்து இருபத்தைந்தில் நிற்க மீற்றரில் பத்தாயிரம்! நான் போட்ட சத்தத்தில் சட்டை அளவு பார்த்துக்கொண்டிருந்த குழந்தை அழத் தொடங்கிவிட்டது. ராகுலன் "என்ன அன்ரி, லொத்தர் விழுந்திட்டுதோ" என்கிறான். அந்தப் பத்தாயிரம் இருபத்தைந்து பாகை அறைக்கு, மகள். அது புத்தகம் எழுதினவனுடைய அறை. வெள்ளவத்தை அறைக்கு எட்டாயிரம்தான் சரி.

கடையை அரைவாசியில் பூட்டிவிட்டுக் கொட்டாஞ்சேனைக்கு ஆட்டோ பிடித்தேன். அப்பா "போனில சொன்னால் போதாதோ" என்றார். ஊர் கேட்கச் சொன்ன பழியை இரகசியமாக எடுக்கலாமா? றிகாஸ் தன் கடையில் ஒரு றைஸ் குக்கரைப் பிரித்து வைத்திருந்தார், வேலை கொடுக்க வந்த இருவர் நின்றார்கள். தம்பி, நீங்கள் போட்டது நல்ல சாமான், பிழை விட்டது நான் என்று உரத்துச் சொன்னேன். அவர் நிமிரவில்லை. "இங்க ஈக்கிற ஆக்களுக்குச் சொல்லி என்ன அக்கா, உங்கட வொய்ஸ் போன நாள்ல இருந்து அந்த கட்டிடத்தால ஒரு கோல் வரல்ல" என்றார். அங்கேயே நின்று, பாகையும் ஓம்ஸும் விளக்கி அதே குரூப்பில் மூன்று நிமிட வொய்ஸ் போட்டேன். நான் ஆட்டோவில் ஏற முதலே ஐந்தாம் மாடி அம்னா அவருக்குக் கோல் எடுத்துவிட்டா, ஏசி தண்ணீர் ஒழுகுதாம்!

ஞாயிற்றுக்கிழமை றிகாஸ் வந்தார். மெஷினைத் தொடவேயில்லை, பல்கனிப் பக்கம் காற்றுப் போகும் குழாய் வாயில் கையை வைத்தார். மூச்சுக்காற்றளவும் வரவில்லை. பார்த்தால் அதில் நுளம்பு வலை! டெங்கு பார்க்க மாநகரசபை ஆட்கள் வந்து போன கையோடு உன் அப்பா வீட்டில் உள்ள ஓட்டைக்கெல்லாம் வலை கட்டினவர், இதையும் விடவில்லை. துணிப்பஞ்சு வந்து அடைந்து தலையணை மாதிரி இருந்தது. சூடு உண்மையிலேயே கூடியிருக்கிறது, சென்சர்தான் நிறுத்தி நிறுத்தி வீட்டை நெருப்பில் இருந்து காப்பாற்றியிருக்கிறது. அப்பா "நுளம்பு வரேல்லைத்தானே" என்றார், றிகாஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இப்போது முக்கால் மணித்தியாலத்தில் துவாய்கூட மொரமொரவென்று காய்கிறது! போகும்போது ஒன்று சொன்னார்: "சின்னதுல நான் ஒரு ஆணி கழட்டினாலும் பக்கத்துல இருந்து ஏன், எதுக்குன்னு கேக்கிற புள்ள ரூபிகா. அண்டைக்கு ஒண்டும் கேக்கல்ல." என் பிழையை நான் தீர்த்துவிட்டேன், உன்னுடையதை நான் தீர்க்க முடியாது.

உங்கள் வீட்டு டிரையர்க் குழாயையும் ஒருக்கால் பார், பிள்ளைக்குக் காதை மூடாமல் வெளியே கூட்டிப் போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. எல்லா நலமும் உங்களைச் சூழ்ந்து நிற்கட்டும், கடவுள் துணை. றிகாஸின் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உனக்கு இரவு ஒன்பது என்றால் இங்கே காலை ஒன்பதரை, கடை திறந்திருப்பார். சொறி என்று மெசேஜ் போட்டுத் தப்பாதே, குரலில் மன்னிப்புக் கேள். கேட்டுவிட்டு, சூடு கூட அந்த இலக்கம் ஏன் குறைகிறது என்றும் அவரிடமே கேள், எனக்கே அது இன்னும் சரியாக விளங்கவில்லை.

என்றும் உன் நலம் நாடும் அம்மா,
நாகேஸ்வரி பொன்னம்பலம்