பசப்பா சொன்ன ‘பிடி’

செவ்வாய்க்கிழமை, இரவு.

படுத்தாலும் கார் கண்ணுக்குள் மிதக்கிறது.

இன்று மெக்கானிக் பசப்பாவின் ஷெட்டில் என் பழைய பச்சை அம்பாசிடருக்குப் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளை மாற்றினோம். வண்டி ஜாக்கியில் நின்றது. அடியில் படுத்திருந்த பசப்பா, “போல்ட் பிடி” என்றார். நான் ஓசூருக்கு வந்த மூன்று மாதத்தில் யாரும் என்னை இப்படி ஒருமையில் ஏவியதில்லை. இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறார் என்று, கோபத்தில் பலம் கொண்டமட்டும் முறுக்கினேன். மத்தியானம் அவர் நீட்டிய டீயைக்கூட வாங்கவில்லை.

சாயங்காலம் இறக்கியபோது கார் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது, பறக்கப்போகிற கொக்கு மாதிரி. வெள்ளிக்கிழமை இதில்தான் தங்கை கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போகவேண்டும்.

“யாரு சார் டைட் பண்ணது? சக்கரம் தரையில நின்னு வெயிட் எறங்கனப்புறம்தான் முறுக்கணும். இல்லன்னா போல்ட்டச் சுத்தி இருக்கற ரப்பர் புஷ் திருகிக்கும், வண்டி எறங்காது.”

“நீங்கதான பிடின்னு சொன்னிய!”

பசப்பா சிரித்துவிட்டார். “கன்னடத்துல ‘பிடி’ன்னா விடுங்கன்னு அர்த்தம் சார். மரியாதையாத்தான் சொன்னேன்.”

போல்ட்டைத் தளர்த்தினோம். கார் பெருமூச்சு விட்டதுபோல மெல்லத் தணிந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு முறுக்கினோம். அந்த டீயை நினைத்தால்தான் என்னவோ போலிருக்கிறது.

கண் சொருகுகிறது. பச்சைக் காரின் அடியிலிருந்து பசப்பாவின் குரல் வருகிறது, “பிடி சார்.”

சரி பசப்பா. பேனாவை விடுகிறேன்.