முதல் திதியும் கொய்யா மரத்து அணில் படையும்

பேரன்புமிக்க அத்தான்,

மேலுலகத்திலும் ஏதாவது ஒரு மரத்தில் அணில் ஏறாத பறவைத் தீனித் தட்டு கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டுக் கொய்யா மரத்தில் நீங்கள் தொங்கவிட்டது அப்படியே இருக்கிறது. ரேடார் செய்த மூளை அணிலிடம் தோற்றது எதிரி நாடுகளுக்குத் தெரியாமல் போனது தேசத்தின் அதிர்ஷ்டம்!

நேற்று உங்கள் முதல் திதி. படையல் சோற்றையும் வடையையும் அந்தத் தட்டில்தான் வைப்பேன் என்றாள் அக்கா. காக்கை தொட்ட பிறகே தனக்குச் சாப்பாடு என்று உட்கார்ந்துவிட்டாள். காலையில் பழக்கதோஷத்தில் சர்க்கரை மாத்திரையை வேறு போட்டுவிட்டாள், வெறும் வயிற்றில்.

காக்கை வரவில்லை. வந்தவை அணில்கள், ஐதராபாத்தின் மொத்தக் குலமும்! நான் கம்பெடுத்தேன். கோல்கொண்டாவைக் காத்த தளபதிகூட அப்படிச் சுழற்றியிருக்க மாட்டான்.

"நக்கோ மாமா, வேணாம்! நீங்க ஆடுற ஆட்டத்துல காக்கா செகந்திராபாத் தாண்டிருக்கும்," என்றாள் உங்கள் மகள் திவ்யா. மாதாப்பூர் கம்பெனிக்கு லீவு போட்டும் காதில் செல்போன். சட்டென்று அதை அணைத்தாள். "அம்மா, கை நடுங்குது பாரு. கொஞ்சம் குளுக்கோஸாவது குடி."

"அவர் சாப்பிடட்டும்டி."

அக்காவின் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. அடுக்களைக்கு ஓடினேன். அணிலுக்குக் காரம் ஆகாது, பறவைக்கு உறைக்காது என்று சொன்னது நீங்கள்தானே? சிவப்பாகத் தெரிந்த டப்பாவை மிளகாய்ப்பொடி என்று தூக்கி வந்து மதில் நெடுகத் தூவினேன். அணில்கள் இறங்கி வந்தன. முகர்ந்தன. பந்தியில் உட்கார்ந்துவிட்டன!

"ஏலே, அது காரம் கம்மியா, எள்ளு தூக்கலா எனக்குன்னு அரைச்ச இட்லிப் பொடிலா!" என்றாள் அக்கா. குரல் குழறியது.

"நல்லெண்ணெயும் ஊத்துங்க மாமா," என்றாள் திவ்யா. யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் தட்டில் ஓர் அணில்கூட இல்லை! கம்பைக் கீழே போட்டேன். ஒரு காக்கை கிளையில் வந்து உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்துப் பார்த்து, வடையைக் கவ்வியது.

அது பறப்பதற்குள் திவ்யா சோற்றைப் பிசைந்து அக்காவுக்கு ஊட்டத் தொடங்கியிருந்தாள். குளுக்கோஸும் நாலு வாய்ச் சோறும் உள்ளே போன பிறகுதான் நடுக்கம் அடங்கியது.

வந்தது நீங்கள்தானா அத்தான்? அப்படியானால் ஏன் அவ்வளவு தாமதம்? அங்கேயும் ஓவர்டைமா?

இனி ஒவ்வொரு திதிக்கும் மாத்திரை டப்பா விடியும் முன்பே என் சட்டைப்பைக்குள் போய்விடும். அணில்களுக்கு மதிலில் தனிப் பந்தி. இது சத்தியம். நீங்கள் மட்டும் நேரத்தோடு வந்துவிடுங்கள். இப்போதும் நீங்கள் வராமல் அவள் சாப்பிடுவதில்லை.

என்றும் உங்கள் ஒரே மச்சினன்,
சுப்பு