செவ்வரளியும் நந்தியாவட்டையும்

திருவண்ணாமலை,
12-6-83

அன்பு மகள் உண்ணாமலைக்கு உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி சந்திரம்மாளும் மலையும் சௌக்கியம், மலைக்கு மட்டும் இந்த வெயிலில் பச்சை கொஞ்சம் கம்மி. பம்பாய் மழையில் நீயும் அத்தையும் சளி பிடிக்காமல் இருக்க அண்ணாமலையாரிடம் மனு கொடுத்திருக்கிறேன். இனி நான் எழுதப்போவதை ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள், உன்னைப் பெற்ற என் அண்ணன் உயிரோடு இருந்தால் அவரும் நம்ப மாட்டார், ஆனாலும் சத்தியம் செய்துவிட்டே ஆரம்பிக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. கணக்கில் சேர்வதா சைக்காலஜியில் சேர்வதா, பின்னால் என்ன வேலைக்குப் போவேன்னே தெரியல, நீங்க உங்களுக்குப் பார்த்த மாதிரி எனக்கும் பிள்ளையார்கிட்ட பூக்கட்டிப் பாருங்க சித்தப்பா, எது வருதோ அதையே படிச்சுட்றேன் என்று எழுதியிருந்தாய். சித்தி அதை வாசித்துவிட்டு, தூங்க வைக்கிறேன்னு தினம் அந்தக் கதையத்தானே சொன்னீங்க, இப்ப அனுபவிங்க என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை. சிவப்பு அரளிக்கு பாட்டனி, வெள்ளை நந்தியாவட்டைக்கு காமர்ஸ் என்று இரண்டு பொட்டலம் கட்டி நான் பிள்ளையார் முன்னால் வைத்ததையும், எடுத்த பொட்டலத்தில் வெள்ளை வந்ததையும், அப்போது கோபுரத்து மணி தானாக அடித்ததையும், கோயில் யானை முட்டி போட்டு எனக்கு பி.காம். பட்டம் கொடுத்ததையும் உனக்கு எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டுதான் லாட்ஜில் வருகிறவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கிறேன் என்பதை மட்டும் கதையில் சேர்த்ததில்லை. பால் வாங்கிக்கொண்டு வருகிற வழியில் ஒவ்வொரு செடியாக நின்று பார்த்து, வீட்டுக்கு வரும்போது பால் திரிந்து போயிருப்பதையும் சேர்த்ததில்லை. உனக்கு அந்தக் கதையைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று இந்த வாரம் முழுக்கத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

இருந்தாலும் நீ கேட்டுவிட்டாய். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, கணக்குக்கு அரளி, சைக்காலஜிக்கு நந்தியாவட்டை என்று பூவரச இலையில் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். வைத்துவிட்டுக் கண்ணை மூடினால் ஒரே இரைச்சல், மலையிலிருந்து முந்நூறு குரங்குகள் படையாக இறங்கி வருகின்றன. தேரடி வீதியில் செங்கம் பஸ் ஒதுங்கி வழிவிட்டது, போலீஸ்காரர் சல்யூட் அடித்தார். முன்னால் வந்த கிழட்டுக் குரங்கு மூக்குக்கண்ணாடி போட்டிருந்தது, அந்தக் கம்பீரம் எங்கள் காலேஜ் பிரின்சிபாலுக்குக்கூடக் கிடையாது. அது இரண்டு பொட்டலத்தையும் கையில் எடுத்ததும், ஐயா, ஒண்ணுல அரளி இருக்கு, விஷம், வாயில வச்சுடாதீங்க என்று பதறினேன். காமர்ஸ் படிச்சவனுக்கு இதெல்லாம் எப்படிய்யா தெரியும் என்று கேட்டது. பிறகு, அந்தக் காலத்துல நீ ஏன் பூவைப் போய்க் கேட்ட என்றது. நானே ஒன்றைச் சொல்லி அதுக்கு வேலை கிடைக்கலேன்னா அப்பாவுக்கு யார் பதில் சொல்றது, சாமி சொல்லிட்டா ஒரு பேச்சும் கிடையாது பாருங்க என்றேன். அதற்கு முந்நூறும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் மலை ஒரு சாண் நகர்ந்து, அடிவாரத்து அடி அண்ணாமலை ஊர்க்காரர்கள் வரப்பையெல்லாம் மறுபடி போட வேண்டியதாகிவிட்டது. கடைசியாக, அந்தக் காலத்துல பொட்டலத்தைப் பிரிக்கும்போது எந்தப் பூ வரணும்னு இருந்த என்று கேட்டது. நான் குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தேன். அது பொட்டலங்களை இடுக்கிக்கொண்டு மலையேறிவிட்டது.

ஆகையால் மகளே, உனக்குப் பூ ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. உன் கடிதத்தில் கணக்கைப் பற்றி இரண்டே வரி இருந்தது. மகன் துபாய் போனதிலிருந்து வாசலுக்கே வராத பக்கத்து வீட்டம்மாள் உன்னிடம் மட்டும் ஏன் பேசுகிறாள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். அதைப் பற்றியும் நான் வாய் திறக்கவில்லை. என்ன வேலைக்குப் போவோம் என்று தெரியாமலே சேரலாம், ஒரு வருஷம் போய்ப் பார், ஒத்துவரவில்லை என்றால் மாறிக்கொள். வருஷம் வீணாப்போச்சே என்று நாலு பேர் கேட்டால் சித்தப்பா பேச்சைக் கேட்டுக் கெட்டேன் என்று சொல், பிள்ளையார் மேல் மட்டும் பழியைப் போடாதே. இருபதாம் தேதி கடைசி என்று எழுதியிருந்தாய், மறந்துவிடாதே. சித்தி அனுப்பிய புளிக்காய்ச்சலை ஈரக்கரண்டி போட்டு எடுக்காதே. வயிறார உண்டு, மனசாரச் சிரித்து, நீண்ட ஆயுசோடு இரு.

இப்படிக்கு,
யானை கையால் பட்டம் வாங்கிய உன் சித்தப்பா,
கா. வேடியப்பன், பி.காம்.

பி.கு.: யானை பொய், மணி பொய், முந்நூறு குரங்கும் கண்ணாடியும் பொய். வெள்ளிக்கிழமை நான் கோயில் பக்கமே போகவில்லை. அந்தக் காலத்தில் எனக்காகக் கட்டிய பொட்டலத்தைப் பிரிக்கும்போது உள்ளே சிவப்பு இருக்க வேண்டும் என்று இருந்தேன், அது மட்டும் நிஜம்.