முக்கால் மணித்தியாலத் தூரம்

வெள்ளி, இரவு.

மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று பலாலிக்குப் போன மனுசி மூன்று மாதமாகத் திரும்பவில்லை. கோவித்துக்கொண்டு போய்விட்டாளென்று தெருவில் கதை. நல்ல கதை, நானும் மறுக்கவில்லை.

பின்னேரம் எங்கள் ஊர்ச் சீனன்குடா விமானத்தளத்திலிருந்து ஒரு சின்ன பிளேன் வடக்கே கிளம்பியது. பலாலிக்கு முக்கால் மணித்தியாலமென்று போன் சொன்னது. மணிக்கூட்டைப் பார்த்தபடியே இருந்து, நேரம் சரியானதும் அவளுக்குப் போன் எடுத்தேன்.

"மேல பிளேன் சத்தம் கேட்டதோ?"

"ஓம், இப்பதான். ஏனப்பா, நீங்களோ ஓட்டி வந்தனீங்கள்?"

"பஸ்ஸில ஆறு மணித்தியாலம் இருக்க இடுப்பு ஏலாதப்பா."

"பேரன் உங்கட மூக்கோட பிறந்திருக்கிறான். எவ்வளவு நாளைக்கு நான் தனியச் சிரிக்கிறது?"

வைத்துவிட்டாள்.

இடுப்புத் தைலத்தைப் பைக்குள் போட்டுவிட்டேன். விடியப் போகிற பஸ்ஸில் யன்னல் பக்கம் கிடைத்தால் நல்லது.