மேனேஜர் சாருக்கு, லினக்ஸ் வகுப்பு எடுத்தவன் எழுதுவது

ஆரணி பஸ் ஸ்டாண்டுச் சுவரில், பசை காயாத கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் நேற்று உங்களைப் பார்த்தேன், சார். கோட்டு, டை, கீழே 'ஆரணிக்குக் கணினி கொண்டுவந்த முன்னோடி' என்று கொட்டை எழுத்து. போளூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பூ விற்கிற அம்மா முறைத்தார். செத்தவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாதுதான். ஆனால் ஒற்றை விரலால் தட்டித் தட்டி, ஒரு கடிதத்துக்கு ஒரு காலைப்பொழுதையே கரைத்த முன்னோடி நீங்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. உங்கள் பட்டுப்புடவை மொத்தக் கடையின் ஆறு கணினிகளிலும் இருந்தது திருட்டு விண்டோஸ். சோதனை வரும் என்று யாரோ சொல்ல, முதலாளி பயந்துபோய் இலவச லினக்ஸுக்கு மாறலாம் என்றார். ஊழியர்களைப் பழக்க வேலூரிலிருந்து என்னை வரவழைத்தார். திரையில் அதன் பென்குயின் சின்னத்தைக் கண்டதும் நீங்கள் சொன்னீர்கள்: "இந்த வாத்த வச்சிகினு நாங்க யாவாரம் பண்ணணுமா? ஓசில வந்தது ஓசி மாதிரிதான் இருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர்களுக்கு நீங்கள் லீவு தரமாட்டீர்கள்.

பிறகு வகுப்பு நடந்த பதினைந்து நாளும் கடைசி நாற்காலியில் பேப்பர் படித்தீர்கள். புடவை பார்டர்களைக் கணினியில் வரைகிற செல்வி ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். "இதுல ஒண்ணும் பேஜார் இல்லக்கா, பழகினா ஜல்தியா வருது" என்று பில் போடும் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தாள். ஒருநாள் முதலாளி உங்களைத் தாண்டிப் போய் அவளிடம் சந்தேகம் கேட்டார். அப்போது உங்கள் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்தால், அவள் மாதக்கணக்கில் வரைந்த டிசைன்கள் ஒன்றுகூட இல்லை. "நான் அன்னிக்கே சொல்லலீங்களா? இந்தப் பொண்ணு என்னாத்தையோ தட்டி எல்லாத்தையும் அழிச்சிடுச்சி" என்று முதலாளியிடம் கைகட்டி நின்றீர்கள்.

நான் கணினியின் பதிவைத் திறந்தேன். யார் எந்த நேரத்தில் உள்ளே வந்து எதை அழித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. உங்கள் பெயர் இருந்தது. அழிக்கத் தெரிந்த உங்களுக்கு, தடம் நிற்கும் என்பது தெரியவில்லை. பேப்பர் படித்தவருக்கு எப்படித் தெரியும்?

"என்னாபா, அந்தப் பொண்ணுதானே பண்ணுச்சு?" முதலாளி என்னைக் கேட்டார். உங்கள் கண்ணும் என்மேல்தான் இருந்தது. அடுத்து வந்தவாசிக் கிளையில் கணினி வகுப்பு எடுக்க ஆளைச் சொல்லப்போவது நீங்கள்.

"சரியாத் தெரியலீங்க" என்றேன்.

செல்வியை அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். மறுவாரம் திருட்டு விண்டோஸ் திரும்பி வந்தது. வந்தவாசிக்கு வகுப்பு எடுக்க உங்கள் மச்சினன் போனான்.

சில வருடம் கழித்து அவளைச் செய்யாரில் பார்த்தேன். கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். அங்கே கணினிப் பிரிவே அவள் பொறுப்பில். நான் உங்களைத் திட்ட ஆரம்பித்தேன். அவள் கையமர்த்தினாள்.

"அவர வுடுங்க சார். உங்களுக்கு முன்னாடியே அந்தப் பதிவ நான் பாத்துட்டேன். நான் சொன்னா எடுபடாது. நீங்க சொல்லுவீங்கன்னு ரூம் வாசல்ல நின்னுகினு இருந்தேன்."

உங்கள்மேல் எனக்குள்ள இளக்காரம் இன்றும் குறையவில்லை, சார். ஆனால் அதைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், கதவோரம் காத்து நிற்கிற செல்வி தெரிகிறாள்.