பனிநடைக்கு ஏழு பேர்

செவ்வாய், மதியம்

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் சுகம் என்று தொடங்கினால் நீ நம்பமாட்டாய். அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்குச் சளி, குழாயில் தண்ணீர் உறைந்துபோய்ப் பத்து மணிக்கு மேல்தான் சொட்டத் தொடங்குகிறது. மற்றபடி சுகம். போனில் கேட்டால், "சாப்டேன், அம்மா எப்படி, வைக்கவா" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வைத்தாலும் மேசையில் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நீ வேலை செய்யும் மீன் கிடங்கில் நல்ல கையுறை தருகிறார்களா என்று அம்மா தினமும் கேட்கிறாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால் கோபம். "பனியே வேணாம்னு ஓடினவன், ஐஸ் பெட்டிக்குள்ள போய் உக்காந்திருக்கான் பாரு" என்று அடுப்பிடம் சொல்லிக்கொள்கிறாள். உன் தடித்த காலுறைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். பூச்சி அரித்துவிடக் கூடாது என்பதற்காகவாம். போன மாதமும் இதையேதான் சொல்லித் துவைத்தாள்.

அலுவலகச் செய்தி. இந்தப் பனிக்காலத்துக்கான பயண விவரத் தாளை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். உறைந்த ஏரியைச் சுற்றி ஒரு நாள் நடை, காட்டுக் குடிலில் தங்கி இரண்டு நாள், மலைமுகட்டு வழியாக நான்கு நாள். எதிலும் ஏழு பேருக்கு மேல் இல்லை. முதல் பக்கத்தில் எப்போதும் இருக்கும் வரியை மட்டும் எடுத்துவிட்டேன். "எங்களோடு வருபவர்கள் கூட்டத்தில் தொலைவதில்லை." மூன்று வருடம் முன்பு நான் எழுதியது. உனக்குப் பதிலாகக் குழுவை அழைத்துப் போகப்போகும் உன் நண்பன் ஒட்டகம், "நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் எடுத்த" என்று கழுத்தை நீட்டிக்கொண்டு கேட்டான். இடம் போதவில்லை என்றேன். அந்த இடத்தில் இப்போது ஒரு கரடியின் படம் இருக்கிறது.

இருபத்துநான்காம் தேதி கிளம்பும் நான்கு நாள் நடைக்கு இதுவரை ஐந்து பேர். ஒரே மருத்துவமனையில் வேலை பார்க்கும் இரண்டு நர்சுகள், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. அந்த ஜோடியைப் பற்றிச் சொன்னதும் அம்மா, "நடுங்கறதுக்கு மலைக்கு வேற போகணுமாக்கும், மாமியார் வீடு போதாதா?" என்றாள். பல நாட்களுக்குப் பிறகு நானும் சிரித்தேன்.

உரிம அலுவலகத்திலிருந்து தாள் வந்திருக்கிறது. உன் ஒரு வருடத் தடை இந்த மாதம் இருபதாம் தேதியோடு முடிகிறது. நீ விரும்பினால் மறுபடி வழிகாட்டியாகப் போகலாம். தாளைச் சாமான் பீரோவில் வைக்காமல், உன் சட்டைப்பையில் வைத்துத் தொங்கவிட்டிருக்கிறேன்.

பன்னிரண்டாம் தேதியோடு, பள்ளி நூலகரான அந்த அம்மா பனியில் இறந்துபோய் ஒரு வருடம். உனக்குச் சொல்லப்பட்டும் நீ மறந்துவிட்ட ஏழாவது ஆள் என்று விசாரணைத் தாளில் எழுதியிருக்கிறது. அன்று அந்த அறையில் நீ சொன்னதைப் பற்றி நாம் இருவரும் ஒருமுறைகூடப் பேசியதில்லை. அதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். தபால் எடுக்கும் நேரம் ஆகிவிட்டது.

கையுறை விஷயத்துக்கு மட்டுமாவது பதில் போடு. அம்மாவை என்னால் சமாளிக்க முடியவில்லை.

அன்புடன்,
உன் தங்கை


ஞாயிறு, காலை

அண்ணா,

போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. பதில் எழுத அதில் ஒன்றும் இல்லைதான். கரடிக்கு யார் பதில் எழுதுவார்கள்? இதை மட்டும் உட்கார்ந்து படி.

வெள்ளிக்கிழமை மதியம் அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது; எடுத்து வைக்க மறந்து அப்படியே பஸ் ஏறியிருக்கிறார். நான்கு நாள் நடைக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டார். விண்ணப்பத்தை நீட்டினேன். நிதானமாக, கோணாமல், தையல் போட்டது போன்ற எழுத்தில் நிரப்பினார். "இந்தப் பயணத்தில் எதை எதிர்பார்க்கிறீர்கள்?" என்ற இடத்தில் எல்லோரும் அமைதி, இயற்கை, நல்ல புகைப்படம் என்று எழுதுவார்கள். இவர், "வழிகாட்டியிடம் ஒரு கேள்வி" என்று எழுதியிருந்தார். அவசரத்துக்கு யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் ஒரு கோடு. மனைவி என்ற இடத்தில், இறந்துவிட்டார். ஊர் என்ற இடத்தைப் பார்த்தேன். நூலகத்து அம்மாவின் கணவர்.

நீ இங்கே இல்லை, வேறொருவர்தான் அழைத்துப் போகிறார் என்று சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை. அப்படியானால் கேள்வியை நீங்களே அவருக்கு எழுதிக் கேளுங்கள் என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கோவமெல்லாம் இல்லம்மா. இருந்துச்சு, போயிடுச்சு. ஆனா அவரு மறந்துட்டேன்னு சொன்னாரு பாருங்க, அது போக மாட்டேங்குது. இவ எங்க போனாலும் அப்படித்தான். கல்யாண வீட்டு போட்டோல ஓரத்துல பாதி மூஞ்சிதான் விழும். ஸ்கூல்ல எல்லார் பேரும் வாசிச்சு மாலை போட்டா, இவ பேரு விட்டுப்போயிருக்கும். வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிப்பா. கடைசில மலையிலயும் மறந்துட்டாங்களேன்னு இருக்கு. அவ பேரையாவது அவரு ஞாபகம் வச்சிருந்தாரான்னு கேக்கணும்."

அண்ணா, நீ சொன்ன பொய் என்னைக் காப்பாற்றியது என்று மட்டும்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அது இன்னொரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உனக்கும் பாதிதான் தெரியும். மீதியை இப்போது சொல்கிறேன்.

அன்று மாலை நாலரை மணி. நீ ஆறு பேரோடு அடிவார விடுதிக்குப் போய்விட்டாய். உன் கழுத்தில் தொங்கிய எண்ணிக்கை அட்டையில் ஆறு என்று எழுதியவள் நான். அந்த அம்மா போன் செய்தார். ஏழாவது இடம் காலியா என்று கேட்டார். விவரத் தாளில் இருந்த என் வரியைச் சொல்லி, "கூட்டத்துல தொலைய மாட்டீங்கன்னு போட்டிருக்கீங்களே, அதுக்காகவே வர்றேன்" என்று சிரித்தார். அதிகாலை பஸ்ஸில் நேராக, நடை தொடங்கும் மலையடிக் கொட்டகைக்கு வந்துவிடுங்கள், அண்ணன் அங்கே இருப்பார் என்றேன். பிறகு விடுதிக்குப் போன் போட்டேன். வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி போடவேண்டுமே என்று ஒரு துண்டுத் தாளில், "ஏழு. அண்ணனிடம் சொல்" என்று எழுதினேன். காத்திருந்த நேரத்தில் மேசையில் இருந்த நாவலைப் பிரித்தேன். நல்ல நாவல். ஐந்து மணிக்கு விளக்கை அணைக்கும்போது, எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமே என்று கையில் இருந்த அந்தத் துண்டுச் சீட்டை உள்ளே வைத்து மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவ்வளவுதான்.

மறுநாள் காலை மூடுபனியில் நீ கொட்டகை வாசலில் ஆறு தலைகளை எண்ணி, அட்டையில் குறி போட்டு நடந்தாய். அந்த அம்மா பின்பக்கக் குழாயடியில் ஈரமான காலுறையை மாற்றிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் காலடித் தடம் மட்டும்தான். "எட்டி நடந்தா புடிச்சிடலாம்" என்று டீக்காரரிடம் சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனார். பத்து மணிக்குப் பனி கொட்டித் தடத்தை மூடிவிட்டது. இரண்டாம் நாள் குடிலிலிருந்து பேசுவதாகச் சொன்னவர் பேசவில்லையே என்று மூன்றாம் நாள் அவர் கணவர் போன் செய்தார். அப்போதுதான் நாவலைத் திறந்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். அன்று சாயங்காலம் ஒட்டகம் அந்த அம்மாவின் உடலைக் கண்டெடுத்தான்.

விசாரணையில் அதிகாரி என்னைப் பார்த்துத்தான் கேட்டார், வழிகாட்டிக்குத் தகவல் சொன்னீர்களா என்று. நான் வாய் திறப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய். "சொன்னா சார். நான்தான் மறந்துட்டேன்." நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதிகாரி அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அந்த நாவலை இழுப்பறையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஒரு வருடமாக அதைத் திறக்கவில்லை. சீட்டு அதே பக்கத்தில் இருந்தது. "அவர் மறக்கலங்க. அவருக்குத் தெரியவே தெரியாது. சொல்லவேண்டியவ நான்" என்றேன். இதைச் சொல்லும்போது அழுவேன் என்று நினைத்திருந்தேன். அழுகை வரவில்லை. குரல், பயண விவரம் படித்துச் சொல்வது போலத்தான் இருந்தது.

அவர் சீட்டைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். எந்தப் பக்கத்தில் இருந்தது என்று கேட்டார். சொன்னேன். அந்த அம்மாவுக்குப் பக்கத்தின் ஓரத்தை மடிப்பவர்களைக் கண்டால் ஆகாதாம். இவருடைய தையல் கடையில் விழும் நூல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போய், அதைத்தான் புத்தகத்துக்குள் வைப்பாராம். வீட்டில் இன்னும் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஒரு நூல் விழுகிறது என்றார். என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

விண்ணப்பத்தைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், வருகிறேன் என்றார். அந்த வழியெல்லாம் எப்படி இருக்கும் என்று கேட்டார். விவரத் தாளில் உள்ளதைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினேன். நான் அங்கே போனதே இல்லை என்று சொன்னேன். அவர் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"நடக்காமலேயா இத்தனையும் எழுதுனீங்க? அப்ப நீங்களும் வாங்கம்மா. அவரு மறக்கலன்னா, அவரே கூட்டிட்டுப் போகட்டும்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கீரையை ஆய்வதை நிறுத்தவில்லை. "அவன் வாயைத் தொறந்தப்பவே எனக்குத் தெரியும். அவன் எதையாவது மறக்கற பிள்ளையாடி? மூணாங்கிளாஸ்ல தொலைச்ச பென்சிலுக்கு இன்னும் கணக்குச் சொல்றவன்" என்றாள். தெரிந்திருந்தால் ஏன் கேட்கவில்லை என்றேன். "நீயா சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள். பிறகு எழுந்து போய் உன் காலுறைகளை மறுபடி வெயிலில் போட்டாள். வெயிலே இல்லை.

நேற்று உரிம அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. நம் அலுவலகத்தைப் பூட்டச் சொல்லலாம், என்மேல் வழக்குப் போடலாம் என்று ஒட்டகம் சொல்கிறான். சொல்லிவிட்டு, "ஒரு வருஷமா உங்கண்ணன நானே தப்பா ரெண்டு வார்த்தை பேசிட்டேன், இப்ப அத எங்க கொண்டு போய் வைக்க" என்று படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டான். உனக்கு அவனே எழுதுவான். நீ எடுத்துக்கொண்டதை நான் திரும்ப வாங்கிக்கொண்டதில் உனக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கப்போவதில்லை. அது எனக்குத் தெரியும். ஊரை விட்டுப் போகும்போது ஏன் என் முகத்தைப் பார்க்காமல் போனாய்? பஸ் நிறுத்தத்தில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டாய், ஒட்டகத்தின் தோளைத் தட்டினாய். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். பையை மட்டும் வாங்கிக்கொண்டாய்.

இருபத்துநான்காம் தேதி காலை ஆறரைக்குக் கொட்டகையிலிருந்து நடை. அதற்குள் அலுவலகத்தைப் பூட்டிவிட்டாலும் நடப்போம்; யாரிடமும் பணம் வாங்கவில்லை. உன் அளவுக் காலணியை எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். எனக்கும் ஒரு ஜோடி வாங்கியாயிற்று. குதிகாலில் கடிக்கிறது, வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடக்கிறேன், அம்மா குதிரை வளர்க்கிறோமா என்று கேட்கிறாள்.

எண்ணிக்கை அட்டையையும் இதோடு வைத்திருக்கிறேன். இந்த முறை வெறும் எண் இல்லை. ஒவ்வொருவர் பேரும் இருக்கிறது. தையல்காரரின் பேருக்குப் பக்கத்தில், வெள்ளிக்கிழமை கிளம்பும்போது அவர் கேட்டுக்கொண்டபடி, அந்த அம்மாவின் பேரையும் எழுதியிருக்கிறேன். நீ அதை வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது, வேறொன்றும் இல்லை. கடைசியில் இருப்பது என் பேர்.

குளிரில் கையை வெறுமனே விடாதே. வேளைக்குச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் உன் காலடியில் தரை உறுதியாக இருக்கட்டும். வந்துவிடு, அண்ணா. வந்து கொட்டகை வாசலில் நின்று எண்ணும்போது, என் முகத்தைப் பார்த்து என்னையும் சேர்த்து எண்ணு.

உன் தங்கை